நாற்சார் வீட்டு முற்றம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லினூடு ஊறித் தங்கிய நீரே கிணறுகளிற் சுரப்பது. ஆதலின், சண்டிலிப்பாய் முதலிய ஊர்களின் பழைய நாற்சார் வீடுகளில் நடுமுற்றத்தை வெறும் வெளியென்று கருதுதல் தவறு. நாற்புறத்துக் கூரைநீர் வீழ்ந்ததும், காற்றும் ஒளியும் அறைகளுட் புகுந்ததும் அவ்வழியே.

கொழும்பில் நிலம் சுருங்கியபோது முற்றமே முதலில் மறைந்தது. அதனை மீட்டோருள் தலைசிறந்தவர் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. 1960 – 1962இல் அவர் அமைத்த ஏனா டி சில்வாவின் இல்லம், மரம் நின்ற முற்றத்தைச் சூழ எழுந்தது. (2009இன் பின் அது பிரிக்கப்பட்டு லுணுகங்கையில் மீள நிறுவப்பட்டது.) இதனைப் பாவாவின் புதுக்கண்டுபிடிப்பென்பது பொருந்தாது, பழைய சிங்கள மனைகளிலும் நாற்சாரிலும் முன்பே இருந்ததுதான்.

இக்காலத்து அடுக்குமாடிகளிலும் முற்றம் விடுகின்றனர். ஆயினும், சிலவற்றிற் சீமெந்து பரப்பித் தொட்டிச் செடிகளை நிரைத்துவிடுகின்றனர். அங்கே பெய்யும் மழை வடிகாலோடு போய்விடுகின்றது; நிலத்தடி நீருக்கு அதிற் பங்கில்லை.