காரைக்காலில் வீட்டு ஆய்வும் குடித்தனக்காரரின் அந்தரங்க உரிமையும்

வரி மதிப்பீடு, குடிநீர் இணைப்பு, கட்டட விதிமீறல், கொசுப்புழு ஒழிப்பு ஆகிய பணிகளுக்காக உள்ளாட்சி ஊழியர்கள் வாடகை வீட்டுக்குள் நுழையும்போது அங்கே குடியிருப்போருக்கு உள்ள பாதுகாப்பைக் குறிக்கும் தலைப்பு இது. காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. தெற்கே வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குள் நுழைந்தால் வாடகைச் சட்டமே வேறு.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு உரிமையாளர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இச்சட்டம் காரைக்காலுக்குப் பொருந்தாது. புதுச்சேரி 1969-இல் இயற்றிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகை நிர்ணயம், வெளியேற்றம் இரண்டையுமே பெரிதாகக் கருதியது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் (பிரிவு 108), உரிமையாளர் நியாயமான நேரத்தில் வந்து பார்வையிடலாம் என்கிறது. குடியிருப்பவர் இடையூறின்றி வாழவும் அதே பிரிவு வகை செய்கிறது.

இவை உரிமையாளரைப் பற்றியவை. அரசு ஊழியர் வருவது வேறு. காரைக்கால் அடங்கிய பிரெஞ்சிந்தியாவில் நகராட்சிகள் 1880 மார்ச் 12 ஆணையால் பிறந்தன. அந்த ஏற்பாட்டின் இடத்தில் நகராட்சிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் 1973-இல் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. அண்டைத் தமிழ்நாட்டில், பழைய சென்னை மாநகராட்சிச் சட்டம் (1919) இருட்டிய பின் நுழைவதைப் பொதுவாகத் தடுத்தது. பெண்கள் ஒதுங்கிக்கொள்ள அவகாசம் தரவேண்டும் என்றும் சொன்னது. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய அந்த வரம்பு இன்றைக்கும் தேவையானதே. கொசுப்புழு தேடி வருபவர் திண்ணையோடு நிற்பதில்லை. குளியலறைத் தொட்டி, கொல்லை, மொட்டைமாடி வரை போகிறார்.

அரசமைப்புச் சட்டத்தின் பாதுகாப்புக்கு எல்லைக்கோடு இல்லை. காவலர்கள் இரவில் வீடு புகுந்து பார்க்கும் உத்தரப்பிரதேச விதியை உச்ச நீதிமன்றம் 1962-இல் கரக் சிங் வழக்கில் ரத்து செய்தது. கனரா வங்கி வழக்கில் (2004), அந்தரங்கம் இடத்தைச் சார்ந்ததன்று, ஆளைச் சார்ந்தது என்று கூறி, ஆவணங்களைத் தேடிப் பார்க்க முத்திரைச் சட்டத்தின் ஆந்திரத் திருத்தம் வழங்கிய கட்டற்ற அதிகாரம் செல்லாது என்றது. குடித்தனக்காரருக்கு மிகவும் உதவும் தீர்ப்பு இதுவே: வீடு அவருடையதாக இல்லாவிட்டாலும் உரிமை அவருடையது. 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக உறுதிசெய்தது. சட்டத்தின் ஆதரவு, நியாயமான நோக்கம், தேவைக்கு மிஞ்சாத அளவு ஆகியவை இல்லாமல் அரசு அதில் குறுக்கிட முடியாது.

அமெரிக்காவில் இதே கேள்வி நேரடியாக எழுந்தது. சான் பிரான்சிஸ்கோவில் வாடகைக்கு இருந்த கமாரா, ஆணை இல்லாமல் வந்த வீட்டு ஆய்வாளரை உள்ளே விட மறுத்தார். சம்மதம் இல்லையென்றால், அவசர நிலை தவிர, நீதித்துறையின் ஆணை வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்தது.

காரைக்காலில் முறையிட வார்டு உறுப்பினர் இல்லாமல் போனது பெரிய குறை. 1968-க்குப் பின் 2006-இல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தபின் பத்தாண்டுக்கும் மேலாக அதிகாரிகளே நிர்வகித்தனர். எனவே ஆய்வின் நோக்கம், வரும் நேரம், ஊழியரின் அடையாள அட்டை, படம் எடுப்பதற்கான வரம்பு ஆகியவற்றை நகராட்சியும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் தமிழில் அச்சிட்டு, வாடகைக்கு இருப்பவர் கையிலேயே முன்கூட்டித் தரவேண்டும்.