ஒரு பவுண்டுக்கு எத்தனை பாட்?

தாய்லாந்துல ரிட்டயர் ஆகி செட்டில் ஆன வெள்ளைக்காரப் பெரியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அங்க எல்லாமே சீப்புப்பா, பென்ஷன்லயே ராஜா மாதிரி இருக்கலாம்"ன்னு யாராவது ஒருத்தர் சொல்லுவார். அது பாதி நிஜம். மீதிப் பாதிதான் இந்தப் பதிவு.

அந்த 'சீப்பு' எங்க இருக்கு? பாங்காக் தெருவோரச் சாப்பாட்டுக் கடையிலயா, பட்டாயா வீட்டு வாடகையிலயா? ரெண்டுலயும் இல்லைங்க. கையில் இருக்கிற பவுண்டுக்கோ டாலருக்கோ எத்தனை பாட் கிடைக்குதுங்கிற ஒரே எண்ணில் இருக்கு. அந்த எண்ணோட சரித்திரம்தான் இவங்களோட வாழ்க்கைச் செலவின் சரித்திரம்.

பட்டாயா ஒரு காலத்தில் சின்ன மீன்பிடி கிராமம். வியட்நாம் போர் நடந்தப்போ அமெரிக்க விமானப்படை உதோன், கோராட், உ-தபாவ் என்று தாய்லாந்தில் பல தளங்களைப் பயன்படுத்தியது. லீவு கிடைச்ச சிப்பாய்கள் பட்டாயா கடற்கரைக்கு வர ஆரம்பிச்சாங்க. 1976ல் படைகள் மூட்டை கட்டின. ஆனா உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் பண்ணினவங்க, ஊரும் வெயிலும் பிடிச்சுப் போனவங்கன்னு சிலர் பிற்பாடு திரும்பி வந்தாங்க.

அவங்களுக்குக் கணக்கு ரொம்ப ஈசி. 1984ல் இருந்து தாய்லாந்து அரசு பாட்டின் மதிப்பைப் பெரும்பாலும் டாலரோடு கட்டி வெச்சிருந்தது. ஒரு டாலர்னா சுமார் 25 பாட். மாசம் 1,000 டாலர் பென்ஷன் வந்தா 25,000 பாட். வருஷா வருஷம் அதே வாய்ப்பாடுதான்.

1997 ஜூலை 2. அன்னிக்கு அந்தக் கட்டு அவிழ்ந்தது. கையிருப்பு டாலர் கரைஞ்சு போய், வேற வழியில்லாம பாட்டை மிதக்க விட்டாங்க. 1998 ஜனவரியில் ஒரு டாலர் 56 பாட் வரைக்கும் போச்சு. அதே 1,000 டாலர் பென்ஷன் ஆறே மாசத்தில் 56,000 பாட்! பெரியவர் ஒரு வேலையும் செய்யலை, ஒரு பைசா மிச்சம் பிடிக்கலை. சம்பளம் மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல.

அதே ஆறு மாசம் உள்ளூர்க்காரனுக்கு எப்படி இருந்ததுன்னு பாருங்க. 1997 டிசம்பரில் 56 நிதி நிறுவனங்களை ஒரேயடியா மூடினாங்க. சர்வதேச நாணய நிதியம் 1,720 கோடி டாலர் உதவித் திட்டத்தோடும் கூடவே ஏகப்பட்ட நிபந்தனைகளோடும் வந்து உட்கார்ந்தது. கட்டிக்கிட்டிருந்த கட்டடங்கள் எலும்புக்கூடா நின்னுச்சு. சிரிவட் என்கிற பங்குச் சந்தைக்காரர் எல்லாத்தையும் இழந்துட்டு, கழுத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கிட்டு பாங்காக் தெருவில் சாண்ட்விச் வித்தார். உலகப் பத்திரிகை எல்லாம் அவரைப் படம் எடுத்துப் போட்டது.

'சீப்பு'ங்கிறதோட அர்த்தம் இங்கதான் பிடிபடுது. தாய்லாந்து வெளிநாட்டுக்காரருக்கு அபாரமா மலிவா இருந்த அதே நாட்கள்தான் தாய்லாந்துக்காரருக்கு மோசமான நாட்கள். ஒரே நாணயத்தோட ரெண்டு பக்கம்.

நாணயம்னா திரும்பவும் விழும் இல்லையா? அடுத்த அடி பவுண்டுக்கு. 2007 மத்தியில் ஒரு பவுண்டுக்கு சுமார் 68 பாட். உலக நிதி நெருக்கடிக்கு அப்புறம் 2009 ஆரம்பத்தில் சுமார் 50. பிரெக்ஸிட் ஓட்டெடுப்பு முடிஞ்ச 2016 அக்டோபரில் சுமார் 43. 2019ல் 40க்கும் கீழே. கடைக்காரர் விலையை ஒரு பாட் கூட ஏத்தலைன்னு வெச்சுக்கிட்டாலும், பிரிட்டிஷ் பெரியவரோட சாப்பாட்டுத் தட்டு 12 வருஷத்தில் கிட்டத்தட்ட பாதியாச்சு.

இதுல ஒரு கூத்து வேற. 15 வருஷத்துக்கு மேல வெளிநாட்டில் இருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு அந்த 2016 ஓட்டெடுப்பில் ஓட்டே கிடையாது. (அந்த 15 வருஷக் கட்டுப்பாட்டை 2024 ஜனவரியில்தான் எடுத்தாங்க.) அவங்க பர்ஸைக் காலி பண்ணின முடிவில் அவங்களுக்கே பேச்சில்லை.

விசாவும் சேர்ந்து நெருக்குச்சு. தாய்லாந்து ஓய்வுக்கால விசாவுக்கு வயசு 50 ஆகணும். உள்ளூர் வங்கியில் 8 லட்சம் பாட் இருக்கணும், இல்லைன்னா மாசம் 65,000 பாட் வருமானம் காட்டணும். விதி பாட்டில் இருக்கு, பென்ஷன் பவுண்டில் வருது. 2007ல் 65,000 பாட்டுக்கு சுமார் 956 பவுண்டு போதும். 43 ரேட்டில் அதுவே 1,500 பவுண்டைத் தாண்டுது. அதுவரைக்கும் 'இவருக்கு இவ்வளவு வருமானம்'னு தூதரகம் ஒரு கடிதம் கொடுக்கும், வேலை முடிஞ்சிடும். 2019ல் இருந்து பிரிட்டிஷ், அமெரிக்கத் தூதரகங்கள் அந்தக் கடிதத்தை நிறுத்திட்டாங்க. பணத்தை வங்கிக் கணக்கிலேயே காட்டியாகணும்.

எல்லாத்தையும் விடப் பெரிய அடி லண்டன்ல இருந்து வருது. பிரிட்டன் அரசு பென்ஷனை வருஷா வருஷம் ஏத்தும். ஆனா வெளிநாட்டில் இருந்தா, சில நாடுகளில் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் ஏத்தம். பிலிப்பைன்ஸில் இருந்தா ஏறும், தாய்லாந்தில் இருந்தா ஏறாது. போய்ச் சேர்ந்த அன்னிக்கு என்ன தொகையோ அதுதான் கடைசி வரைக்கும். 2000 ஏப்ரலில் முழு அடிப்படை பென்ஷன் வாரத்துக்கு 67.50 பவுண்டு. அன்னிக்கு அதை வாங்கிக்கிட்டு தாய்லாந்து போனவருக்கு இன்னிக்கும் அதே 67.50தான். ஊரிலேயே இருந்திருந்தா 2025 ஏப்ரல் கணக்குப்படி 176.45.

இதை பாட்டாக்கிப் பாருங்க. அந்த 67.50, 2007ல் மாசத்துக்கு சுமார் 20,000 பாட். 2019 கடைசி மாதங்களில் சுமார் 11,000. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் என்பவர் இதை எதிர்த்துப் பெரிய சட்டப் போராட்டமே நடத்தினார். 2005ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் தோல்வி. 2010ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 11க்கு 6 என்று மறுபடியும் தோல்வி. இந்தியாவும் பென்ஷன் ஏறாத நாடுகளில் ஒண்ணுதாங்க. லண்டனில் உழைச்சிட்டு வயசான காலத்தில் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ திரும்பி வர்றவருக்கும் இதே விதிதான்.

"அப்ப ஊருக்கே திரும்பிப் போயிட வேண்டியதுதானே?"ன்னு கேட்கலாம். பலருக்கு அது நடக்கிற காரியமில்லை. ஊரில் இருந்த வீட்டை வித்துட்டுத்தான் வந்திருப்பாங்க. தாய்லாந்தில் வெளிநாட்டுக்காரர் பேரில் நிலம் வாங்க முடியாதுங்கறதால, கட்டின வீடு இருக்கிற மனை மனைவி பேரில் இருக்கும். வயசு ஏற ஏற மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் ஏறும், ஒரு கட்டத்தில் புதுசா பாலிசி கொடுக்கவே மாட்டாங்க. பிரிட்டனின் இலவச மருத்துவமோ அங்கேயே குடியிருக்கிறவங்களுக்குத்தான். 55 வயசில் போட்ட பட்ஜெட்டில் அரிசி, வாடகை, கரண்ட் எல்லாம் இருந்தது. 80 வயசு மட்டும் இல்லை.

இனி அந்தப் பக்கம் வருவோம். 2013 ஜனவரியில் தாய்லாந்து முழுக்கக் குறைந்தபட்சக் கூலியை நாளுக்கு 300 பாட் ஆக்கினாங்க. கூலி ஏறினா ஹோட்டல் சாப்பாடும் வீட்டு வேலைக்காரம்மா சம்பளமும் ஏறத்தானே செய்யும்? அது வெளிநாட்டுப் பெரியவருக்கு விலைவாசி. அந்த அம்மாவுக்கு அது பிள்ளையோட ஸ்கூல் பீஸ். ஒருத்தரோட 'மலிவு'ங்கிறது இன்னொருத்தரோட சம்பளம்தாங்க. அது என்னிக்கும் ஏறவே கூடாதுன்னு ஒரு நாட்டைக் கேட்க முடியாது.

இதைப் படிச்சிட்டு "பாவம் வெள்ளைக்காரன்"னு நாம சிரிச்சுக்க வேண்டாம். ஆன்சைட் போன முதல் வாரத்திலேயே டாலரை ரூபாயால் பெருக்கிப் பார்க்காத சாப்ட்வேர் ஆளை நான் பார்த்ததில்லை, நான் உள்பட :) அந்தப் பெருக்கல்ல வர்ற விடை நாம சம்பாதிச்சது இல்லை. ரெண்டு நாட்டுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி நமக்குக் கொடுத்த கடன். எப்ப வேணும்னாலும் திருப்பிக் கேட்கும். வேலையில் இருக்கிற வயசில் கேட்டா சமாளிச்சுக்கலாம். எண்பதில் கேட்டா?

வெளிநாட்டுப் பென்ஷனில் நம்ம ஊரில் காலம் தள்ளுற பெரியவங்க உங்க வீட்டில் இருந்தா, அவங்க கணக்கு எப்படிப் போகுதுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க.