எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்: மேற்கோள் எண்ணிக்கை சொல்லாத வரலாறு

ஓர் அறிவியலாளர் எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்ற எண்களைக் கொண்டே அவருடைய தகுதி இன்று அளக்கப்படுகிறது. இவ்வெண்கள் நிறமும் சாதியும் பாராதவை என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்கக் கறுப்பின உயிரணுவியலாளர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்டின் (1883–1941) வாழ்வைக் கொண்டு அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்போம்.

கல்வியும் பணியும்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்த ஜஸ்ட், 1907இல் டார்ட்மத் கல்லூரியில் உயர் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவரைப் பேராசிரியர்களாக ஏற்காத காலம் அது. ஆகவே வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்கான ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார். 1909 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கோடை விடுமுறைகளில் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் ஆய்வு செய்தார். 1915இல் ஸ்பிங்கார்ன் பதக்கத்தின் முதல் பெறுநரானார். 1916இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வின் உள்ளடக்கம்

1912இல் தொடங்கி சுமார் 70 கட்டுரைகளை ஜஸ்ட் வெளியிட்டார். 1939இல் அவருடைய இரு நூல்கள் வெளிவந்தன: ஒன்று கடல் உயிரினங்களின் முட்டைகளை ஆய்வகத்தில் கையாளும் முறைகள் பற்றியது, மற்றொன்று உயிரணுப் புறப்பரப்பின் உயிரியல் பற்றியது.

விந்தணு நுழைந்ததும் முட்டையின் மீது கருவுறுதல் உறை எழுகிறது. அவ்வுறை எழுவதற்கு முன்பே முட்டையின் பரப்பில் ஒரு மாற்றம் அலைபோலப் பரவி, பிற விந்தணுக்களைத் தடுத்துவிடுகிறது என்று ஜஸ்ட் கண்டார். கடல் முள்ளெலி முட்டையில் இத்தகைய விரைவுத் தடை மின்னழுத்த மாற்றத்தால் நிகழ்வதை 1976இல் லாரிண்டா ஜாஃபே நிறுவினார். உயிரணுவின் புறப்பரப்பு வெறும் உறையன்று, செயல்படும் உறுப்பு என்பதே ஜஸ்ட்டின் மையக் கருத்து. மரபணுக் கோட்பாட்டுக்கு எதிரான அவருடைய வாதங்கள் அனைத்தும் நிலைக்கவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

மேற்கோள் எவ்வாறு பெருகுகிறது?

ஒருவருடைய ஆய்வை முதலில் எடுத்துச் செல்பவர்கள் அவரிடம் பயின்ற முனைவர் பட்ட மாணவர்களே. ஜஸ்ட்டின் காலத்தில் ஹோவர்டில் முனைவர் பட்டப் படிப்பே இல்லை. பெரும் ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் பதவியும் கிட்டவில்லை. அவர் நேப்பிள்ஸ், பெர்லின், பாரிஸ் என ஐரோப்பாவை நாடினார். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியும் மூடிய கதவாயிற்று. 1940இல் பிரான்சைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அவரைச் சிறிது காலம் முகாமில் அடைத்தனர். விடுதலையாகி நாடு திரும்பியவர் 1941 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். உலகப் போர் மூண்ட ஆண்டில் வந்த நூல்களைப் பரப்ப அவருக்கு ஆய்வகமும் இல்லை, ஆயுளும் இல்லை. இனப் பாகுபாடே அவருடைய அறிவியல் வாழ்வைத் துயரமாக்கியது என்று அவருடைய ஆசிரியர் ஃபிராங்க் லில்லி இரங்கல் குறிப்பில் எழுதினார்.

யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் முன்மொழிந்த அறிவியல் மேற்கோள் அட்டவணை 1960களில்தான் வெளிவந்தது. எச்-குறியீடு 2005இல் வந்தது. கென்னத் மேனிங் எழுதிய வாழ்க்கை வரலாறு 1983இல் வெளியானபோதுதான் ஜஸ்ட்டின் பெயர் பரவலாக மீண்டது. 1996இல் அமெரிக்க அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

நமக்கான கேள்வி

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், இதழின் சராசரி மேற்கோள் அளவான தாக்கக் காரணி உயர உயரக் கட்டுரைக்குக் கூடுதல் புள்ளி வழங்குகின்றன. ஆய்வகம், வழிகாட்டி, நிதி, கற்பித்தல் சுமை ஆகியவை எல்லோருக்கும் ஒன்றுபோல் வாய்க்காத நாட்டில், அவற்றின் விளைவான எண்ணை மட்டும் தகுதி என்று அழைப்பது, மறுக்கப்பட்ட வாய்ப்பை மறுக்கப்பட்டவரின் குறையாக மாற்றுவதாகும். எண்ணிக்கையை ஒழிக்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. ஆய்வைப் படித்து மதிப்பிடுங்கள், அது எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதையும் கேளுங்கள் என்கிறோம். ஆய்வு மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு: யாரைப் படிக்கிறோம், யாருடைய பெயரை எழுதுகிறோம் என்பதை ஒவ்வொரு கட்டுரையிலும் நாமே முடிவு செய்கிறோம்.