கியூஸ்ட்ரின்: இரண்டு ஆறுகளுக்கு இடையே ஒரு நகர்

வார்த்தா ஆறு ஓடர் ஆற்றொடு கலக்கும் கூடுதுறையில், இரு நீர்க்கும் இடையே நாப்போல் நீண்ட நிலத்தில் அமைந்திருந்தது கியூஸ்ட்ரின் என்னும் சிறு நகர். பெர்லினுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இது, பிரசிய அரசின் நியூமார்க் பகுதியைச் சார்ந்திருந்தது; 1945 முதல் போலந்து நாட்டில் கொஸ்ட்சின் என வழங்குகின்றது.

இந்நகரைப் பற்றி எழுதுவோர் பலரும் 1730 நவம்பர் 6 ஆம் நாள் நிகழ்ச்சியையே முதற்கண் கூறுவர். தந்தையின் கொடுமைக்கு அஞ்சித் தப்பியோட முயன்ற இளவரசன் பிரடெரிக்கு இங்குச் சிறைவைக்கப்பட்டான். அவனுக்குத் துணைநின்ற நண்பன் கட்டெக்குப் படைமன்றம் வாழ்நாட் சிறையே விதித்தது. மன்னனோ அதனைக் கொலைத்தண்டமாக மாற்றினான். கோட்டையினுள் கட்டெயின் தலை துணிக்கப்பட்டது. ஃபொண்டானெயும் தம் ஓடர்நாட்டுப் பயணநூலில் இதனை விரித்துரைத்துள்ளார். உள்ளத்தை உருக்கும் செய்தியே அது; எனினும், நகரின் வரலாற்றை அவ்வொரு நாளுக்குள் அடக்குதல் பொருந்தாது. இளவரசனைச் சிறைவைக்க இவ்வூர் ஏற்றதாயிற்று என்றால், அதற்குக் காரணம் நிலவியல்பேயாகும்.

1535 இல் நியூமார்க்கைப் பெற்ற யோகான் என்னும் கோமகன் இவ்வூரைத் தன் தலைநகராக்கிக் கோட்டை எடுப்பித்தான். இரு புறமும் ஆறு, அவற்றைச் சூழச் சதுப்பு. நம் இலக்கணத்தார் கூறும் நீரரணுக்கு இதனினும் தெளிந்த சான்று காண்டல் அரிது. 1758 ஆகஸ்டில் உருசியரின் குண்டுவீச்சால் நகர் எரிந்தொழிந்தது. ஆனால் கோட்டை வீழவில்லை. எனினும் அரண் தானே காவாது. காப்போர் உறுதியும் வேண்டும். 1806 நவம்பர் 1 ஆம் நாள், போரின்றியே இக்கோட்டை பிரெஞ்சுப் படைக்குக் கையளிக்கப்பட்டது.

மன்னனான பின் பிரடெரிக்கு, தான் சிறையிருந்த ஊரை அடுத்த சதுப்புகளையே வயலாக்க முற்பட்டான். 1747 இல் தொடங்கிய பணியின் பயனாக 1753 இல் ஓடருக்குப் புதிய கால்வாய் திறக்கப்பட்டது. பின்னர் வார்த்தாச் சதுப்பும் வடிக்கப்பட்டது. 1867 இல் பெர்லினிலிருந்து இருப்புப்பாதை வந்தது. அதன்பின் நகர் கோட்டைக்கு வெளியே, வார்த்தாவின் வடகரையில் பெருகிற்று.

ஆற்றைக் கடக்கும் வழியைக் காத்ததே ஈற்றில் நகரின் அழிவுக்கும் காரணமாயிற்று. 1945 சனவரி இறுதியில் சோவியத்துப் படை பெர்லின் நோக்கி ஓடரை அடைந்தது. மார்ச்சு இறுதிவரை நிகழ்ந்த முற்றுகையில் பழைய நகர் முழுதும் இடிந்தது. அதன் செங்கற்கள் பல வார்சாவின் மீட்டுருவாக்கத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. எஞ்சிய அரண்மனைச் சுவர்களும் 1969 இல் தகர்க்கப்பட்டன. இன்று அங்கு எஞ்சியிருப்பவை கல் பாவிய தெருக்களும், வீடில்லா வாயிற்படிகளும், கோட்டை மதிலுமே.

போருக்குப் பின் ஓடரே நாட்டெல்லையாயிற்று. வடகரைப் பகுதி போலந்து நகராய் வளர்ந்தது. மேல்கரையிலிருந்த கீட்சு என்னும் புறநகர் செருமனியில் நின்றது. கியூஸ்ட்ரின் என்ற பெயரின் மூலம் சிலாவியமே ஆதலின், கொஸ்ட்சின் என்பதைப் புதுப்பெயர் எனக் கொள்ளுதல் தவறு. கீட்சு 1991 இல் கியூஸ்ட்ரின்-கீட்சு எனப் பெயர் பெற்றது. ஆகவே, பழைய செருமன் வடிவத்தை ஊர்ப்பலகையில் காண விழைவோர் இன்று செல்லவேண்டிய இடம் இம்மேல்கரைப் புறநகரே.