மூச்சு நின்ற துயில்

உறக்கம் மிகுந்தவனை உலகம் பரிகசித்தே வந்திருக்கிறது. கும்பகர்ணனைப் பறை கொட்டியும் யானைகளை ஏவியும் எழுப்பிய காட்சி கதாப்பிரசங்க மேடையில் வரும்போது சிரிக்காத சபை இல்லை. ஆங்கில நாட்டிலும் அவ்வாறே. சாள்ஸ் டிக்கன்ஸ் 1836, 1837 ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட பிக்விக் பேப்பர்ஸ் என்னும் நாவலில் ஜோ என்றொரு பருத்த பையன் வருகிறான். அவன் ஏவலாளன். உணவு பரிமாற நிற்கும்போதே குறட்டை விடுவான். படித்தோர் அவனை நகைச்சுவைப் பாத்திரம் என்றே கொண்டனர். நோயாளி என்று எவரும் எண்ணினாரில்லை.

ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகள் சென்றபின் வைத்தியர்கள் அப்பையனை நினைவு கூர்ந்தனர். அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஒரு வர்த்தகர் வந்து சேர்ந்தார். ஐந்தடி ஐந்தங்குல உயரமும் 263 இறாத்தல் நிறையும் உடையவர். சீட்டாட்டத்தில் அவர் கைக்கு மூன்று ஆசும் இரண்டு இராசாவும் ஒருங்கே வந்தன. எவரும் விடமாட்டாத சந்தர்ப்பம் அது. அவரோ சீட்டுக்களைக் கையில் பிடித்தபடியே உறங்கிப் போனார், பந்தயம் கைநழுவிற்று. அதன் பின்னரே ஆஸ்பத்திரியை நாடினார். பேர்வெல் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் 1956 இல் இவரது வரலாற்றை எழுதி, இந்நோய்க்குப் பிக்விக் நோய் என்று பெயரிட்டனர். பெயர் நிலைத்தது, காரணந்தான் பிழைத்தது. உடற்பருமனால் மூச்சு ஆழமின்றி, கரியமிலவாயு இரத்தத்தில் தேங்கி மயக்கம் உண்டாக்குகிறது என்று அவர்கள் கருதினர். நோயாளியைப் பகலில் நுணுகி ஆராய்ந்தவர்கள் இரவில் அவர் உறங்கும்போது அருகிருந்து பார்த்தாரில்லை.

அதனைச் செய்தோர் ஐரோப்பியர். 1965 இல் பிரான்சின் மார்செய் நகரில் காஸ்தோ என்பவரும் துணைவரும், ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் யுங், கூலோ என்பவர்களும், தனித்தனியே, உறங்குவோரின் மூளை மின்னலையையும் மூச்சையும் ஒருங்கே பதிவு செய்தனர். அங்கே கண்டது விந்தையானது. குறட்டை ஒலி உயர்ந்து சென்று திடீரென அறுபடும். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் போராடும், காற்றோ உட்செல்லாது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர, நாவடியும் அண்ணமும் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடுகின்றன. பிராணவாயு குறையக் குறைய மூளை பதறி ஒரு கணம் விழிக்கும். பெரும் ஓசையுடன் மூச்சு மீளும். மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. ஓர் இரவில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழ்வதுண்டு. காலையில் எழுபவருக்கு இதில் ஒன்றேனும் நினைவிருப்பதில்லை. தலைவலியும் சோர்வுமே மிஞ்சும். ஆகவே அவர் மிகுதியாக உறங்குபவரல்லர், உறக்கமே கிட்டாதவர். இந்நோயை ஸ்லீப் அப்னியா என்று வைத்திய உலகம் வழங்குகிறது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய கிலெமினோ என்பவரும் கூட்டாளிகளும் 1976 இல் இதனை வரையறுத்து எழுதினர்.

காரணம் தெரிந்தது; மருந்து? கூலோவும் அவர் கூட்டாளிகளும் 1969 இல் ஒரு வழியை அறிவித்தனர். அடைப்பு தொண்டையில் என்றால் அதற்குக் கீழே கழுத்தில் துளையிட்டு ஒரு குழாயைச் செருகிவிடுவது. பகலில் துளையை மூடிப் பேசலாம். இரவில் திறந்து உறங்கலாம். நோயும் தீர்ந்தது. ஆயினும் அத்துளையை நாள்தோறும் துப்புரவாக்க வேண்டும், சளி அடைக்கும், கிருமி தொற்றும், நீரில் மூழ்கிக் குளித்தல் ஆகாது. குறட்டைக்காரர் எத்தனை பேர் இதற்கு உடன்படுவர்? நோய் முற்றிச் சாவை அணுகியோரே உடன்பட்டனர்.

இவ்வரலாற்றின் முக்கியமான இரவு அவுஸ்திரேலியாவைச் சேர்ந்தது. கொலின் சலிவன் என்னும் வைத்தியர் கனடாவின் ரொறன்ரோ நகரில் பிலிப்சன் என்பாரிடம், உறங்கும் நாய்களின் சுவாசத்தை ஆராய்ந்து பழகியவர். நாயின் மூக்குக்கு ஏற்ற முகமூடி செய்வதில் அங்கே பெற்ற பயிற்சி பின்னர் மனிதருக்குப் பயன்பட்டது. சிட்னிக்கு மீண்ட அவரிடம் 1980 ஆம் ஆண்டு யூன் மாதம் ஒரு நோயாளி வந்தார். கழுத்தில் துளையிட வேண்டும் என்று அவருக்குக் கூறப்பட்டிருந்தது. அதனைத் தவிர்க்க எதற்கும் அவர் ஆயத்தமாயிருந்தார்.

சலிவன் முன்வைத்த யோசனை எளியது. மூக்கின் வழியே சிறிது அழுத்தத்துடன் காற்றை இடைவிடாது செலுத்தினால், தளர்ந்த தொண்டை ஒட்டிக்கொள்ளாது. காற்றே உள்ளிருந்து முட்டுக் கொடுக்கும். கருவியோ கடைச்சரக்கு அன்று. தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரை ஒத்ததொன்றே காற்றூதியாயிற்று. மூக்குக்குப் பொருத்திய குழாயைப் பசையினால் முகத்தில் ஒட்டினர். அழுத்தம் உயர உயர அடைப்பு நீங்கியது. குறைத்தபோது அடைப்பு மீண்டது. விளக்கை ஏற்றி அணைப்பது போல நோயை நிறுத்தவும் வரவழைக்கவும் முடிந்தது. பின்னர் அவர் ஆழ்ந்து உறங்கினார். மறுநாட் காலை பல ஆண்டுகளில் முதன்முறையாகத் தெளிவுடன் எழுந்தார். அவர் பெயரை வைத்தியச் சஞ்சிகைகள் குறிக்கவில்லை, குறிக்காமை முறையே. ஆயினும் வெற்றி பெறுமோ என்று எவரும் அறியாத ஒன்றுக்கு முகத்தைக் கொடுத்துப் படுத்த அவருக்கும் இக்கண்டுபிடிப்பில் பாதிப் பங்கு உண்டு.

சலிவனும், ஈசா, பேர்த்தன் ஜோன்ஸ், ஈவ்ஸ் என்னும் மூவரும் ஐந்து நோயாளிகளின் விவரத்தை 1981 ஏப்பிரலில் லான்செற் சஞ்சிகையில் வெளியிட்டனர். வேண்டிய அழுத்தம், நீர்மட்ட அளவில் 4.5 முதல் 10 சென்றிமீற்றர் வரையே. உலகம் உடனே கைதட்டவில்லை. இரவெல்லாம் இரையும் பெட்டியோடு எவர் உறங்குவார் என்று ஐயுற்றோர் பலர். தொடக்கத்தில் வீட்டுக்குக் கருவி கொண்டுசென்றோர் இரவுதோறும் மூடியை முகத்தில் ஒட்டிக்கொண்டே படுத்தனர் என்றால், அவர்கள் பகற்காலம் முன்னர் எவ்வளவு கொடியதாய் இருந்திருக்க வேண்டும்!

கருவி நயமாயிற்று, 1989 முதல் சிட்னியில் ஒரு கம்பனி அதனைச் செய்து விற்கத் தொடங்கியது. ஆனால் ஐந்து பேர் நலமடைந்தது ஆதாரமா? 1997 இல் பிரித்தானிய ஆய்வாளர் சிலர், அதுவரை வந்த சான்றுகள் போதா என்று எழுதினர். வைத்தியர் பலருக்குச் சினமூட்டிய போதிலும் அது கேட்கத் தகுந்த கேள்வியே. மருந்தென்றால் மாவுக் குளிசை கொடுத்து ஒப்பிடலாம். முகமூடிக்கு ஈடாக எதைக் கொடுப்பது? ஒக்ஸ்போர்ட் வைத்தியர்கள் அதற்கும் வழி கண்டனர். பகலுறக்கத்தால் வருந்திய 107 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, இரு சாராருக்கும் ஒரே தோற்றமுடைய கருவியையே கொடுத்தனர். ஒரு சாராரின் கருவியில் அழுத்தம் தொண்டையைத் திறக்கப் போதாது. தமக்குக் கிடைத்தது எது என்று அறியாமலே அவர்கள் ஒரு மாதம் முகமூடி அணிந்தனர். அரைகுறைக் கருவியோடு முப்பது இரவு கழித்தோர் தமக்கென்று ஆதாயம் பெறவில்லை, பின்வருவோர் பெற்றனர். தூக்கக் கலக்கத்தை 24 புள்ளிகளில் அளக்கும் அளவுகோலில் உண்மைக் கருவி பெற்றோர் 15.5 இலிருந்து 7 ஆக இறங்கினர். மற்றையோர் 15 இலிருந்து 13 ஆக மாத்திரமே. 1999 இல் இம்முடிவு வெளிவந்தது.

எஞ்சிய கேள்வி இருதயம் பற்றியது. சீனா, இந்தியா, அவுஸ்திரேலியா உள்ளிட்ட ஏழு நாடுகளில், இருதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ முன்னரே உடைய 2,717 பேர் மற்றொரு பெரும் ஆய்விற் சேர்ந்தனர். சேருமுன் ஒரு வாரம் போலிக் கருவியை அணிந்து தம் பொறுமையைக் காட்ட வேண்டியிருந்தது. சராசரி 3.7 ஆண்டுகள் கவனித்து 2016 இல் வெளியிட்ட முடிவு ஏமாற்றம் அளித்தது. கருவி பெற்றோரில் 17 சதவீதத்தினருக்கும், பெறாதோரில் 15.4 சதவீதத்தினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நேர்ந்தன. இவ்வேறுபாடு தற்செயலாக வரக்கூடியது. கருவி இருதயத்தைக் காத்தது என்று சொல்ல இடமில்லை. ஆனால் குறட்டையும் பகற்சோர்வும் குறைந்தன, மனநிலையும் தெளிந்தது.

இம்முடிவைப் படிக்கும்போது இரு செய்திகளை மறத்தலாகாது. ஒன்று, அவர்கள் இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரமே முகமூடியை அணிந்தனர். எஞ்சிய இரவெல்லாம் தொண்டை பழையபடியே அடைபட்டது. மற்றொன்று, பகலில் மிகக் கடுமையாக உறக்கம் வந்தோரும், உறக்கத்தால் விபத்துக்குள்ளாகக் கூடியோரும் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை. ஒப்பீட்டின் பொருட்டு அவர்களைப் பல ஆண்டுகள் கருவியின்றி விடுவது முறையன்று என்று ஆய்வாளர் துணிந்தனர். பொஸ்ரன் நகரத்துச் சீட்டாட்டக்காரர் இன்று வந்திருப்பாராயின், அவரைக் குலுக்கலில் நிறுத்தாது முகமூடியை நேரே கையிற் கொடுத்திருப்பர்.