கோட்டைக்குள் காவல்: கிழக்கே கோட்டையின் கதை

நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ பெண்ணைத் திருவனந்தபுரத்தில் கட்டிக் கொடுப்பவர்கள் முன்பெல்லாம் மாப்பிள்ளையின் உத்தியோகத்தை மட்டும் விசாரிப்பார்கள். இப்போது கூடவே ஒரு கேள்வி வருகிறது: "அந்த ஏரியா சேஃப்தானே? கேரளாவுல க்ரைம் ஜாஸ்தின்னு பேப்பர்ல போட்டிருக்கானே?"

பேப்பர்காரர் பொய் சொல்லவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்திய தண்டனைச் சட்டக் குற்றங்கள் கேரளத்தில் லட்சம் பேருக்கு 727.6. நாட்டின் சராசரி 233.6. உத்தரப் பிரதேசம் 130-க்கும் கீழே! இதை நம்பி யாராவது வீட்டைக் காலி செய்துகொண்டு லக்னோவுக்குக் குடிபோவார்களா? அதே ஆண்டின் கொலைக் கணக்கைப் பாருங்கள். கேரளத்தில் லட்சத்துக்கு ஒன்றுக்கும் குறைவு, நாட்டில் இரண்டுக்கு மேல். தாறுமாறாக வண்டி ஓட்டியதற்கும் இங்கே எஃப்.ஐ.ஆர். போடுகிறார்கள். அந்தப் பிரிவு ஒன்றே எண்ணை ஏற்றிவிடும். புகாரை வாங்கி எழுதிக்கொள்கிற ஊரில் கணக்கு கூடும், வாசலிலேயே விரட்டுகிற ஊரில் குறையும். பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் ஒன்றல்ல என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

அப்படியானால் ஒரு தெருவின் பத்திரத்தை எதை வைத்து அறிவது? நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கிழக்கே கோட்டையையே எடுத்துக்கொள்வோம்.

மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாப சுவாமி கோயிலைச் சுற்றி எழுந்த மதில்தான் இந்தப் பகுதிக்குப் பெயர் தந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே வந்தது. திவான் ராஜா கேசவதாஸ் மதிலுக்கு வெளியே சாலைக் கடைத்தெருவை ஏற்படுத்தினார். தமிழ் வணிகர்கள் சாலையில் கடை போட்டார்கள், கோயில் காரியமாக வந்த தமிழ்க் குடும்பங்கள் மதிலுக்குள் அக்கிரகாரங்களில் குடியேறின. பழவங்காடி கணபதி கோயிலும் காவலோடு சேர்ந்த கதைதான். நாயர் பட்டாளத்துச் சிப்பாய்கள் கும்பிட்ட அந்தக் கோயிலை இன்றும் இந்திய ராணுவம்தான் நிர்வகிக்கிறது. போலீஸ் என்ற தனி நிர்வாகம் நவீன முறையில் அமைந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. 1881-இல் ஆலிவர் பென்ஸ்லி என்ற ஆங்கிலேயர் திருவிதாங்கூரின் போலீஸ் சூப்பரின்டெண்டன்டாக நியமிக்கப்பட்டார்.

அதுவரை தெருவைக் காத்தது எது? என் கணக்கில் திண்ணைதான். அடுத்தடுத்து சுவரைப் பகிர்ந்துகொண்ட வீடுகள். வாசலில் எப்போதும் ஒரு பாட்டியோ தாத்தாவோ. புது ஆள் ஒருத்தர் தெருவில் கால் வைத்தால், "யாரு வேணும்?" என்று நாலு வீட்டில் கேட்டுவிடுவார்கள். 1961-இல் அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி, நகரத் தெருக்களைக் காப்பது முதலில் போலீஸ் அல்ல, தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்தான் என்று புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்றார். நம் பாட்டிகள் புத்தகம் எழுதவில்லை, அவ்வளவுதான்! (வம்பும் அந்தத் திண்ணையில்தான் வளர்ந்தது, அதையும் மறைக்க வேண்டாம்.) ஆள்பலம் மட்டும் போதாது என்பதற்கு சர் சி.பி. ராமசாமி ஐயரே சாட்சி. சமஸ்தானத்தின் போலீஸையே கைக்குள் வைத்திருந்த திவான், 1947 ஜூலை 25 அன்று இதே நகரில் சங்கீத அகாதமி நிகழ்ச்சியில் வெட்டுப்பட்டார்.

பிள்ளைகள் பெங்களூருக்கும் துபாய்க்கும் நியூஜெர்சிக்கும் போன பிறகு திண்ணைக்கு கிரில் வந்தது. பல வீடுகளில் வயதானவர்கள் இரண்டு பேர் அல்லது ஒருவர். சில வீடுகளில் பூட்டு மட்டும். தெருவின் கண்கள் குறைந்தபோது எல்லாப் பொறுப்பும் ஸ்டேஷனுக்குப் போனது. அந்த ஸ்டேஷன் எப்படி இருந்தது?

2005 செப்டம்பர் 27 அன்று ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவிலிருந்து உதயகுமார் என்ற இளைஞரை ஃபோர்ட் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரிடம் இருந்த 4,020 ரூபாய் திருட்டுப் பணமோ என்று சந்தேகம். அன்றே அவர் இறந்தார். தொடைகளில் பலத்த காயங்கள். கணவன் துணையில்லாமல் அவரை வளர்த்த தாயார் பதின்மூன்று ஆண்டுகள் வழக்கை விடவில்லை. 2018 ஜூலையில் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் புலன்விசாரணைக் குறைகளைச் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்துவிட்டது. கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு உயிர் போனது. சட்டப்படி யாரும் அதற்குப் பொறுப்பில்லை. இந்தச் சாவை எந்தக் க்ரைம் ரேட்டில் தேடுவது?

இதே காலத்தில்தான் போலீசும் வேறு வழி தேடியது. நீதிபதி கே.டி. தாமஸ் ஆணையம் மக்களோடு சேர்ந்த காவலைப் பரிந்துரைத்திருந்தது. 2008 மார்ச்சில் 20 ஸ்டேஷன்களில் ஜனமைத்ரி சுரக்ஷா திட்டம் தொடங்கி, பிறகு மாநிலமெங்கும் பரவியது. விஷயம் எளிது. சுமார் 500 வீடுகளுக்கு ஒரு பீட் ஆபீசர். அவர் நடந்தே சுற்ற வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரையாவது நேரில் தெரிந்திருக்க வேண்டும். தனியாக இருக்கும் முதியோரையும், வெகுநாள் பூட்டிக் கிடக்கும் வீட்டையும் கவனித்துக்கொள்ள வேண்டும். 2011-ஆம் ஆண்டு கேரள போலீஸ் சட்டத்தில் மக்களோடு சேர்ந்த காவலுக்குத் தனிப் பிரிவே வந்தது. பாட்டி திண்ணையில் செய்ததை சர்க்கார் யூனிஃபார்ம் போட்டுச் செய்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் பெயர் மாற்றினால் போதாது என்று தமிழ்நாடு காட்டியது. 1993-இல் ராமநாதபுரத்தில் பிறந்த 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' நல்ல யோசனைதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்ததும் அந்த அமைப்பின் பெயரும் சிக்கியது. அடுத்த மாதமே அரசு அதைத் தடை செய்தது.

2011-இல் பத்மநாப சுவாமி கோயில் நிலவறைகள் திறக்கப்பட்டதும் கோட்டைக்குள் துப்பாக்கி ஏந்திய காவலும் கேமராவும் பெருகின. பொக்கிஷத்துக்கு அது வேண்டியதுதான். மேற்குத் தெருவில் ராத்திரி மூச்சுத் திணறும் எழுபத்தைந்து வயது மாமிக்கு அந்தக் கமாண்டோவால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரு பீட் ஆபீசரும், எதிர் வீட்டில் எரிகிற ஒரு லைட்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த லீவுக்கு வரும்போது ஸ்டேஷனுக்கு ஒரு நடை போய், அப்பா அம்மா பெயர், வீட்டு நம்பர், தங்கள் போன் நம்பர் மூன்றையும் எழுதிக் கொடுத்து, பீட் ஆபீசரின் நம்பரை வாங்கி காலண்டர் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு பிங்க் போலீஸ் 1515. எதிர் வீட்டு நம்பரையும் அதே காலண்டரில் எழுதிவிடுங்கள்.