மனநோய் மருத்துவமும் குடும்பமும்: ஒரு வரலாற்று நோக்கு

மனநலம் என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில் அஃது இனநலம் என்னும் சொல்லோடு இணைத்தே ஆளப்பெற்றுள்ளது. ஆண்டு அதற்கு மனத்தின் செம்மை என்பதே பொருள். நோயின்மை என்பது பொருளன்று. எனவே இற்றை மருத்துவக் கருத்தை வள்ளுவர்மேல் ஏற்றிக் கூறுதல் முறையாகாது. எனினும் ஒருவன் மனத்தின் நிலை அவன் சேர்ந்த இனத்தைச் சார்ந்து நிற்கும் என்னும் எண்ணம் இரு சொற்களின் இணைப்பிலேயே அமைந்து கிடத்தலை மறுத்தற்கில்லை. நோயைக் குறிக்கும் சொற்களோ வேறு வழியின. பித்து, பைத்தியம் என்பன பித்தம் என்னும் உடற்கூற்றின் மிகுதியை ஒட்டிப் பிறந்தவை. இறைவனைப் பித்தன் என விளித்த சுந்தரர் மொழியில் அச்சொல்லுக்கு இழிவு சிறிதும் இல்லை. இக்காலத்திலோ கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாய்ச் சென்னைத் தெருக்களில் வழங்குகின்றது. ஓர் ஊர்ப்பெயர் வசைமொழியான வரலாறு எங்குத் தொடங்குகின்றது என்று பார்த்தல் ஈண்டுப் பொருத்தமுடைத்து.

சென்னையில் மனநோயாளர்க்கெனத் தனி விடுதி 1794ஆம் ஆண்டில் வாலண்டைன் கொனாலி என்னும் அறுவை மருத்துவரால் நிறுவப்பெற்றது. அரசினர் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்டது. 1858ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும் நோயாளியைப் பெரும்பாலும் குற்றவியல் நடுவரின் ஆணைவழியே உள்ளே அனுப்பின. காப்பகம் என்னும் பெயர் மாறி மருத்துவமனை என்னும் பெயர் வந்த பின்னரும் மதில் மாறவில்லை. நோயாளியை வாயில்வரை கொணர்ந்து விடுதலே உறவினர் கடன். அதற்கப்பால் அவர்க்கு வேலை இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல உறவும் தேய்ந்தது. நோய் தணிந்தும் அழைத்துச் செல்வாரின்றி உள்ளேயே முதுமையுற்றோர் பலர்.

இந்நிலைக்கு மாறான முயற்சி பஞ்சாபில் அமிர்தசரசு நகரில் எழுந்தது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினை நிலத்தை மட்டுமன்றி இலாகூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரையும் சமயம் நோக்கிப் பிரித்தது. இந்து, சீக்கிய நோயாளர் நூற்றுக்கணக்கானோர் 1950இல் எல்லை கடந்து இந்தியாவிற்கு அனுப்பப்பட்டனர். சாதத் அசன் மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ என்னும் உருதுச் சிறுகதைக்குக் களமானது இந்நிகழ்ச்சியே. அந்நோயாளருட் பெரும்பாலோரை ஏற்ற அமிர்தசரசு மருத்துவமனையின் தலைமையை ஐம்பதுகளில் தாங்கியவர் வித்யா சாகர் என்னும் மருத்துவர். படுக்கைகள் போதவில்லை, செவிலியரும் மிகக் குறைவு. அவர் மருத்துவமனை வெளியில் கூடாரங்களை அடித்து, நோயாளியோடு அவர்தம் உறவினரையும் தங்கச் செய்தார். தாய் உணவூட்டினாள், உடன்பிறந்தான் காவலிருந்தான். உறவினரைக் கூட்டி வைத்து நோயின் இயல்பையும் மருந்தின் பயனையும் மருத்துவர் விளக்கினார். அடுத்த கூடாரத்தில் ஒருவர் தேறி வீடு திரும்புதலைத் தம் கண்ணாற் கண்ட குடும்பத்தார்க்கு இந்நோய் தீராதது என்னும் அச்சம் அகன்றது. நோயாளியும் விரைவில் வீடு சேர்ந்தார். ஏனெனில், வீட்டார் அவரை விட்டுப் பிரிந்ததே இல்லை.

இதனைத் தேர்ந்த கொள்கையின் விளைவு எனப் போற்றுவாரும் உளர். ஆளும் இடமும் இன்மையால் நேர்ந்த ஏற்பாடு எனக் குறைத்து மதிப்பாரும் உளர். இரண்டும் ஒருசார் உண்மையே என்பது எம் கருத்து. தட்டுப்பாடு கூடாரத்தைத் தந்தது. கூடாரத்துள் நிகழ்ந்ததை உற்று நோக்கி அதனை ஒரு மருத்துவ முறையாக வளர்த்தது அம்மருத்துவரின் நுண்ணறிவு. அவர் எழுதி வைத்தது குறைவு. இவ்வரலாறு நூல்களில் நெடுங்காலம் உரிய இடம் பெறாமைக்கு அதுவும் ஒரு காரணம் போலும்.

தமிழகத்தில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தது. அதனைத் தொடங்கியவர் புளோரன்சு நிக்கல்சு என்னும் பெண் மருத்துவர். உறவினர் உடன் தங்குதல் அங்குத் தொடக்கத்திலிருந்தே நெறியாயிற்று. கூடாரத்திற்கு மாறாகக் குடும்பத்தோடு தங்குதற்கேற்ற அறைகளே அமைந்தன. மேலைநாட்டு மருத்துவமனைகளில் உறவினர் பார்வை நேரத்திற்கு மட்டும் வரும் விருந்தினராய் இருந்த காலத்தில், அமிர்தசரசிலும் வேலூரிலும் அவர் மருத்துவத்தின் ஓர் உறுப்பாயினர். நோயாளியைச் சமுதாயத்தினின்று பிரியாது காத்தல் என்னும் கொள்கை முற்றும் மேலைநாட்டு இறக்குமதி என்பார் இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வழக்கத்திற்கு மருத்துவமனைக்குப் புறத்தேயும் ஒப்புமை உண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த குணசீலத்தில் மனநோயுற்றோர் உறவினரோடு ஒரு மண்டலம், அஃதாவது 48 நாள், தங்கி வழிபடுதல் நெடுநாளைய வழக்கு. திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிற்றூர்க் கோயிலில் இவ்வாறு தங்கிய 31 பேரை ஆராய்ந்து, மருந்தின்றியே அவர்தம் நோய்க்குறிகள் ஓரளவு தணிந்ததாக மருத்துவ அறிஞர் சிலர் 2002இல் வெளியிட்டனர். ஒப்பிட்டு நோக்க வேறு குழு ஒன்று அவ்வாய்வில் இல்லை. ஆதலின் தணிவு இறையருளாலோ, உறவினர் அண்மையாலோ, காலத்தின் போக்காலோ என்று அறுதியிட்டுரைக்க இயலாது. கோயில் வழக்கிலிருந்தே மருத்துவமனை முறை தோன்றிற்று என்பதற்கும் சான்று இல்லை.

உறவினர் உடன் இல்லாதவிடத்து வழிபாட்டுத் தலம் என்னாகும் என்பதற்கு ஏர்வாடி சான்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அங்குத் தனியார் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். வீட்டாரால் கொணர்ந்து விடப்பட்டோர் அவர். அவர்களை விட்டுச் சென்றோரைப் பழித்தல் எளிது. அண்மையில் மருத்துவம் இன்றி, கூலியிழந்து, ஆண்டுக்கணக்கில் ஒருவரைக் காத்து நின்ற குடும்பத்தின் களைப்பை நாம் அறியோம். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல்தான் நாட்டில் தொடங்கிற்று. திருச்சிராப்பள்ளி அதன் முதல் மாவட்டங்களுள் ஒன்று. தென்கோடியிலுள்ள இராமநாதபுரத்தின் நிலை வேறு.

குடும்பம் என்று எளிதாகச் சொல்கின்றோம். ஆனால், உடன் தங்கியவர் யாவர்? பெரும்பாலும் தாய், மனைவி, தமக்கை. அவர் மருத்துவமனையில் இருக்க, வீட்டில் எஞ்சிய பிள்ளைகளுக்குச் சோறிட்டவர் யாவர்? இவ்வினாவை அக்காலத்து எழுத்துகள் எழுப்பவில்லை. சிறுவர்க்கான வழிகாட்டு மருத்துவகம் ஒன்றை மும்பையில் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி 1937இலேயே நிறுவியது உண்மை. ஆயின் அது நோயுற்ற சிறுவரை நோக்கியதேயன்றி, நோயுற்றோரின் சிறுவரை நோக்கியதன்று. தாயையும் சேயையும் ஒருங்கே வைத்துப் பேணும் தனிப்பகுதி பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 2009இல்தான் அமைந்தது.

இடர்ப்பட்ட சிறுவர் தாமே அழைக்கும் வழி தொலைபேசியால் வாய்த்தது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாக 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 என்னும் எண் பின்னர் நாடெங்கும் பரவிற்று. 2023இல் அரசின் நேர்ப்பொறுப்பில் வந்தது. இதற்குப் பத்தாண்டு முன்னரே, 1986இல், மருத்துவர் இலட்சுமி விசயகுமார் சென்னையில் சிநேகா என்னும் தற்கொலைத் தடுப்பு நிலையத்தை நிறுவியிருந்தார். மேனிலைத் தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் அங்குத் தொலைபேசி ஓய்வதில்லை. தேர்வில் தவறிய மாணவர் ஓராண்டை இழக்காமல் சில கிழமைகளிலேயே மீண்டும் எழுதுமாறு தமிழக அரசு துணைத்தேர்வு முறையைக் கொணர்ந்ததை இவ்வரலாற்றில் வைத்து எண்ணுதல் வேண்டும். தேர்வுத் துறையின் ஆணையொன்று உயிர்காக்கும் மருந்தாகலாம் என்பதை மனநூலார் நமக்குச் சொல்லாமற் போயினர். தேர்வன்று வீட்டில் பிள்ளையுடைய எவரும் அறிவர். நாடு முழுமைக்குமான 14416 என்னும் எண் 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்டது.

இறுதியாகச் சட்டம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் சிறுவரோடு அவருக்குரிய காப்பாளர் முழுதும் உடன் தங்கல் வேண்டும் என்கின்றது. வேலூரில் அறுபதாண்டுகளுக்கு முன் நெறியாய் இருந்தது சிறுவரளவில் சட்டமாயிற்று. அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு மேலும் ஒன்று கூறும்: சிகிச்சை பெறும் தாயினின்று மூன்று வயது நிரம்பாத குழந்தையைப் பொதுவாகப் பிரித்தலாகாது, தீங்கு நேருமென்று அஞ்சிப் பிரிப்பினும் அம்முடிவை 15 நாளுக்கொருமுறை மறுஆய்வு செய்தல் வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை எங்கே நிற்கும் என்பதுபற்றி அப்பிரிவு வாய்திறக்கவில்லை.